எழில் மொழியும் ஓப்பன்-தமிழ் நிரலகமும்

ஓப்பன்-தமிழ் என்பது தமிழ் உரையைக் கணினியில் எழுத்தெழுத்தாகக் கையாள உதவும் கட்டற்ற நிரலகம் ஆகும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இது, எழில் என்னும் தமிழ் நிரல்மொழிக்கான பணிகளிலிருந்து வளர்ந்தது. இரண்டையும் தொடங்கியவர் மின்பொறியாளர் முத்தையா அண்ணாமலை.

பின்னணி

1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைத் தழுவி அதன் தமிழ்ப் பகுதி அமைந்தது. இதில் 247 எழுத்துகளுள் உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31க்கு மட்டுமே தனிக் குறியீடு உண்டு. மற்ற 216 எழுத்துகளும் அகர உயிர்மெய்யுடன் புள்ளியோ உயிர்க்குறியோ சேர்ந்தே உருவாகின்றன.

'திருவண்ணாமலை' என்னும் சொல்லில் 7 எழுத்துகள் உள்ளன. கணினியோ 12 குறியீடுகள் என எண்ணும். இச்சொல்லைத் தலைகீழாக்கினால் உயிர்க்குறிகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். ஒரு நூலில் மிகுதியாக வரும் எழுத்து எது என வரைபடம் வரைந்தால், புள்ளியும் துணைக்காலும் தனி எழுத்துகளாக நிற்கும். 'ண்', 'ணா' இரண்டும் 'ண' என்றே கணக்காகும்.

இரு வழிகள்

ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தருவது ஒரு வழி. அவ்வாறு அமைந்த டேஸ்-16 தரத்தை, ஒருங்குறியுடன் சேர்த்து 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. எனினும் இணையத்திலும் கைப்பேசியிலும் ஒருங்குறியே நிலைத்தது. குறியீட்டை மாற்றாமல், எழுத்தைப் பிரித்தறியும் வேலையை மென்பொருளிடம் விடுவது மற்றொரு வழி. ஓப்பன்-தமிழ் இவ்வழியைச் சேர்ந்தது.

எழில்

எழில் மொழி பற்றிய கட்டுரை 2009இல் ஆர்க்கைவ் தளத்தில் வெளியானது. அதில் 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'முடி' ஆகியவை கட்டளைச் சொற்கள். நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் வருவதால் தமிழ்த் தொடரமைப்பு மாறுவதில்லை.

பயன்

எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைப்பதால் ஓப்பன்-தமிழை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். தன்னார்வலர் பலரின் பங்களிப்பும் இதில் சேர்ந்துள்ளது. கல்வெட்டுப் பாடமாயினும் திருக்குறளாயினும், அதன் எழுத்துகளை எண்ணி வரைபடமாக்க விரும்பும் மாணவருக்கு எழுத்தைச் சரியாகப் பிரிப்பதே முதற்படி. அப்படி பிழைத்தால் அதன்மேல் எழும் புள்ளிவிவரம் முழுவதும் பிழையாகிவிடும்.