காபெற் வீதியும் பூட்டாத ஹெல்மெற் வாரும்

1990களில் பொருளாதாரத் தடைக்குள்ள எங்கட வன்னியில பெற்றோல் கிடைப்பதே அருமை. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார்சைக்கிள்களுக்கு, கிடங்கு விழுந்த வீதியே வேகத்தடையாக இருந்தது. ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் திரும்பவும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் ஏ9உம், கண்டாவளைப் பிரதேசத்தை ஊடறுத்துப் போகும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் காபெற் வீதிகளாகின.

வேகம் வந்திட்டுது, பழக்கம் மாறேல்ல. இரவில மாடுகள் இப்பவும் றோட்டில படுக்குது. பின்விளக்கில்லாத உழவு இயந்திரங்களும் அதே றோட்டிலதான் போகுது. மணிக்கு 40 கிலோமீற்றரில் போற வண்டி 80இல் போனால், மோதும்போது அதன் சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. தலை நிலத்தில் அடிபட்டால் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கும், இரத்தம் கசியும். வெளியில காயமே தெரியாமலும் இருக்கலாம். ஹெல்மெற் அந்த அடியைக் குறைக்கும். ஆனால் வார் பூட்டாவிட்டால், விழும்போது தலைக்கு முதல் அது கழன்று போயிடும்.

செல்லடிக்குத் தப்பின சனத்தின்ர பிள்ளைகள் நாங்கள். றோட்டில போற உயிரை 'விதி' எண்டு சொல்லிக் கடக்கேலாது. மாட்டைக் கட்டுறதும் பின்விளக்குப் போடுறதும் வாரைப் பூட்டுறதும் எங்கட கையிலதான் கிடக்கு.