ஜெஃபர்ட்ஸ் ஷோரி, கேத்தரின் (பி. 1954)

அமெரிக்கக் கடலியல் அறிஞர். பின்னாளில் எபிஸ்கோபல் திருச்சபையின் 26-வது தலைமைப் பேராயர். புளோரிடா மாநிலம் பென்சகோலாவில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்டில் உயிரியல் பயின்று, 1983-இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடலியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தவை கணவாய், பேய்க்கணவாய் இனங்கள். சியாட்டிலில் தேசியக் கடல் மீன்வளத் துறையிலும் வேலை பார்த்தார். ஆய்வுக்கான நிதி சுருங்கிய காலத்தில், சபை மக்களே அவரைக் குருப்பணிக்குத் தூண்டினர். உடனே இணங்கிவிடவில்லை, 1994-இல்தான், நாற்பது வயதில், குருப்பட்டம் பெற்றார்.

2001-இல் நெவாடா பேராயரானார். பாலைவனத்தில் சபைகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் கிடந்தன. விமானி உரிமம் வைத்திருந்ததால் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்று அவற்றைச் சந்தித்தார். கடலிலிருந்து கோயிலுக்கு வந்தவர் ஆகாயத்தையும் விடவில்லை!

2006 ஜூனில் கொலம்பஸ் நகரில், ஐந்தாம் சுற்று வாக்கெடுப்பில் தலைமைப் பேராயராகத் தேர்வானார். ஆங்கிலிக்கன் உலகில் ஒரு திருச்சபைக்குத் தலைமையேற்ற முதல் பெண் இவரே. பெண்களைப் பேராயராக்குவதை அன்று இங்கிலாந்து திருச்சபை ஏற்கவில்லை. அதனால் 2010-இல் லண்டன் சதர்க் பேராலயத்தில் பேராயருக்குரிய உயர்ந்த தொப்பியை அணிய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்பட்டார். அவர் வாதாடவில்லை, தொப்பியைக் கையில் ஏந்தியபடி பவனியில் நடந்தார். எந்த மறுப்புரையையும்விட அது உரக்கப் பேசியது. இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் 2015 ஜனவரியில் திருநிலைப்படுத்தப்பட்டார். ஷோரியின் பதவிக்காலம் அதே ஆண்டு நவம்பரில் முடிந்தது. மைக்கேல் கரி அடுத்துப் பொறுப்பேற்றார்.