ஆரி ஊசியும் ஜஹாங்கீரின் பூக்களும்

இப்பல்லாம் நம்மூர்ல கல்யாணம்னா, பட்டுப்புடவை விலையைவிட ஆரி ஒர்க் பிளவுஸ் கூலி பற்றித்தான் பேச்சு அதிகம். "கழுத்துக்கு மயில், கைக்குத் தாமரை" என்று டிசைன் சொல்லுகிறோம். அந்த ஆரி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பிழைப்புக்காக அகமதாபாத்தில் குடியேறி, துணி சாம்பிள்களோடு மல்லாடுகிற எனக்கு இது ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டிய கதை. ஆரி என்பது செருப்புத் தைக்கும் கொக்கி ஊசியின் தங்கச்சி! குஜராத்தில் தோல் வேலை செய்யும் மோச்சிகளின் கருவி. சேணம், செருப்பு, தோல் விரிப்பு தைத்த கை, அதே ஊசியை மெல்லிசாக்கிப் பட்டிலும் பருத்தியிலும் பூ போட்டது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பறவையும் மிருகமும் பொன், வெள்ளிக் கம்பியில் தைத்த சிவப்பு, நீலத் தோல் விரிப்புகளை வியந்து குறிப்பிடுகிறார்.

வேலை செய்யும் விதம் எளிமைதான். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவார்கள். மேலிருந்து ஊசி இறங்கும். அடியில் இடது கை நூலைக் கொக்கியில் மாட்டும். ஊசி ஒரு வளையத்தை மேலே இழுத்துவரும். அடுத்த வளையம் அதற்குள்ளிருந்து வரும். அதுதான் சங்கிலித் தையல்.

சரி, பூ எங்கிருந்து வந்தது?

1620ல் ஜஹாங்கீர் காஷ்மீர் போனார். அங்கே பூத்துக் கிடந்ததைப் பார்த்து மனுஷர் சொக்கிப் போய்விட்டார். அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்ததாக அவரே நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இன்று மிஞ்சியவை மிகச் சில. அவற்றில் ஒரு சிவப்பு டியூலிப் அலிகார் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதே காலத்தில் பாதிரிமாரும் வியாபாரிகளும் கொண்டுவந்த ஐரோப்பிய மூலிகைப் புத்தகங்களும் அரண்மனைக்குள் வந்தன. வெற்றுத் தாளில் ஒற்றைச் செடி, தண்டு, இலை, பூ தனித்தனியாகத் தெரியும்படி வரைவது அந்தப் புத்தகங்களின் பாணி. இரண்டும் கலந்து பிறந்த ஒற்றைப் பூச்செடிதான் ஷாஜஹான் காலத்தில் தாஜ்மஹால் பளிங்கிலும், கம்பளத்திலும், இடுப்புக் கச்சையிலும் ஏறியது.

தாளில் இருக்கும் பூ அப்படியே துணிக்குப் போய்விடாது. ஓவியர் தூரிகையின் ஒரே இழுப்பில் ரோஸிலிருந்து அடர்சிவப்புக்குப் போய்விடுவார். தைப்பவர் ஒவ்வொரு சாயலுக்கும் நூலை அறுத்து, வேறு நூல் மாட்ட வேண்டும். நூல் தடிமனைவிட மெல்லிய இலை நரம்பு தையலில் காணாமல் போகும். இதழை அடியிலிருந்து நுனிக்குத் தைத்தால் பட்டு ஒரு மாதிரி மின்னும், ஓரமாகச் சுற்றித் தைத்தால் வேறு மாதிரி மின்னும். எதை விடுவது, எதை வைப்பது? அதைத் தீர்மானிக்கத்தான் முதலில் சின்னத் துண்டில் ஒரு பூ தைத்துப் பார்க்கிறோம். இங்கே அதற்குப் பெயர் நமூனா. தாலுகா ஆபீஸில் நாம் கேட்டுப் பழகிய அதே நமூனாதான்!

வரைந்த தாளில் கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, பொடியைத் தேய்த்துத் துணியில் அச்சு இறக்குவார்கள். அந்தத் தாளுக்குப் பெயர் காகா (காக்கா இல்லை!). 'காக்' என்றால் பாரசீகத்தில் தூசி. போலீஸ் காக்கியும் அதே வேர்தான்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1620-30 வாக்கில் தைத்த வெள்ளை சாட்டின் வேட்டை அங்கி ஒன்று இருக்கிறது. மயில், சிங்கம், மான், மரம், பூ எல்லாம் நுணுக்கமான சங்கிலித் தையலில். குஜராத் கைகாரர்களின் வேலையாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மன்சூர் பெயர் நமக்குத் தெரிகிறது. அங்கி தைத்தவர் பெயர் தெரியாது.

இதற்குப் பிறகு சாம்பிள் வியாபாரிகள் கைக்குப் போனது. 1643ல் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்துக்கு எழுதியது: பூப்போட்ட விரிப்புகளில் மங்கலான சிவப்புத் தளம் இங்கே எடுபடவில்லை, வெள்ளைத் தளம் அதிகமாக வேண்டும், நடுவே பூவும் கொடியும் ஓவியர் இஷ்டப்படி இருக்கட்டும் என்று. 1660களில் அந்த இஷ்டமும் போயிற்று. லண்டனிலிருந்தே மாதிரிப் படங்கள் வந்தன. இன்று பையர் அனுப்பும் "கமெண்ட்ஸ்" மெயிலுக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா!

நம்ம பக்கமும் இதே கதைதான். 1734 வாக்கில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சித்திரத்துணி உருவாவதைக் கூடவே இருந்து கவனித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு எடுத்துக் குறிப்போடு பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1742ல் கேர்து பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முழு முறையையும் கடிதமாக எழுதினார். துளை போட்ட தாளில் கரிப்பொடி தேய்ப்பதுகூட அதில் இருக்கிறது. 1866ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளில் 700 சாம்பிள்களை 18 தொகுதிகளாக ஒட்டி, 20 செட் செய்தார். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. அங்குள்ள மில்காரர்கள் பார்த்து நெய்து நமக்கே விற்க வேண்டும், அதற்காக.

சாம்பிள் யார் கையில் இருக்கிறதோ, வியாபாரம் அவர் கையில். 250 வருஷக் கதையின் சாரம் இவ்வளவுதான். கடிதம் எழுதியவர், துண்டு எடுத்தவர், ஒட்டியவர் எல்லாருக்கும் சரித்திரத்தில் பெயர் உண்டு. எந்த நரம்பை விட்டால் பூ பூவாகவே இருக்கும் என்று கண்டுபிடித்தவருக்கு இல்லை. இன்றும் சாம்பிள் அட்டையில் ஸ்டைல் நம்பர் இருக்கும், நூல் நம்பர் இருக்கும். தைத்தவர் பெயர் இருக்காது.

மணிநகர் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சிபாரிசு. லீவுக்கு விருந்தாளி வந்தால் சபர்மதிக் கரையையே காட்டிக்கொண்டிராமல், 1949ல் தொடங்கிய காலிகோ அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். வெளியூர்க்காரர்களும் அடுத்த முறை ஆரி பிளவுஸ் வாங்கும்போது, கடைக்காரரிடம் "இதைத் தைச்சது யாருங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.