ஓசை யாருடையது? ஆட்டிஸமும் மனச்சிதைவும் பிரிந்த கதை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. ஒரு காலத்தில் ஏரிகளையும் நெல்வயல்களையும் கொண்டிருந்த நிலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. இன்று ஷிப்ட் பேருந்துகளின் விளக்குகள்தாம் இந்த ஊர்களின் விடியலையும் அந்தியையும் அறிவிக்கின்றன.

இங்குள்ள ஆலைகளில் பிரஸ் ஷாப் என்றொரு பகுதி உண்டு. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் இயந்திரங்கள் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருக்கும் இடம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் சில நாள்கள் அந்த ஓசையில் திணறுவார். பழகிய பின்னர் அது அவர் கவனத்துக்கே வருவதில்லை. ஆனால் ஒரே ஓர் அடி தாளம் தவறி விழுந்தால் போதும், யாரும் சொல்லாமலே அவர் தலை நிமிர்கிறது. ஆயிரம் அடிகளைப் புறக்கணித்த மூளை ஆயிரத்தோராவது அடியை ஏன் புறக்கணிக்கவில்லை? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குள், நூறாண்டுகளுக்கும் மேலாக ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்பட்ட இரு மனநிலைகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. அவற்றை நாம் ஆட்டிஸம் என்றும் மனச்சிதைவு என்றும் அழைக்கிறோம்.

*

ஆட்டிஸம் என்னும் சொல் குழந்தைகளுக்காகப் பிறந்ததன்று. சூரிச்சில் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையை நடத்திய ஒய்கன் ப்ளாய்லர், 1911இல் வெளியிட்ட நூலில் மனச்சிதைவு நோயின் அடிப்படை அறிகுறிகளுள் ஒன்றுக்கு அப்பெயரை இட்டார். 'ஸ்கிட்ஸோஃப்ரீனியா' என்ற சொல்லையும் அவரே 1908இல் வழக்குக்குக் கொண்டுவந்திருந்தார். புறவுலகிலிருந்து விலகித் தனக்குள் சுருங்கிவிடும் நிலையைத்தான் அவர் ஆட்டிஸம் என்றார். ஆக, இரண்டு பெயர்களும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றின் உறுப்பாகவே பிறந்தது.

1925இல் மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். இன்று படிக்கும் எவருக்கும் அது ஆட்டிஸத்தின் விவரணையாகவே தோன்றும். ஆனால் அவருக்குக் கிடைத்த பெயர், மனச்சிதைவின் நிழலில் நின்ற 'ஸ்கிட்ஸாய்ட்' என்பதே. 1943இல் பால்டிமோரில் லியோ கான்னர் பதினொரு குழந்தைகளைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டபோது, அவரும் ப்ளாய்லரின் சொல்லையே கடன் வாங்கினார்.

கான்னரின் கட்டுரையில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அந்தக் குழந்தைகள் தூசி உறிஞ்சும் கருவியின் இரைச்சலுக்கும், மின்தூக்கிக்கும், ஓடும் தண்ணீருக்கும், காற்றுக்கும்கூட அஞ்சினர். ஆயினும் அதே அளவு இரைச்சலைத் தாமே எழுப்பும்போது மகிழ்ந்தனர். அச்சம் ஓசையைப் பற்றியதன்று, அழையாமல் உள்ளே நுழையும் ஓசையைப் பற்றியது என்று கான்னர் கண்டார். 'நான் எழுப்பிய ஓசை', 'என்மேல் வந்து விழுந்த ஓசை' என்ற இந்தப் பாகுபாடு பிற்கால ஆய்வுகளின் மையத்துக்கு வரப்போகிறது என்பதை அன்று எவரும் ஊகித்திருக்க மாட்டார்கள்.

கான்னரின் கட்டுரைக்குப் பிறகும் குழப்பம் நீங்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1968இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இத்தகைய குழந்தைகள் குழந்தைப்பருவ மனச்சிதைவு என்ற தலைப்பின் கீழேயே வைக்கப்பட்டனர். 1967இல் ப்ரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல், தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தைப் பரப்பி ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. முடிச்சை அவிழ்த்தது மிக எளிய கேள்வி: எந்த வயதில் தொடங்கியது? இங்கிலாந்தில் இஸ்ரேல் கோல்வின் 1971இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்க வயதை வைத்தே இரு கூட்டங்களைப் பிரித்துக் காட்டியது. ஒரு கூட்டம் மூன்று வயதுக்குள் தொடங்கியது. மற்றது பல ஆண்டுகள் கழித்தே மாயக்குரல்களோடும் பிரமைகளோடும் வந்தது. மைக்கேல் ரட்டரும் அவ்வாறே வாதிட்டார். 1980இல் நோய்ப் பட்டியல் ஆட்டிஸத்தைத் தனியாகப் பிரித்தது. 1971இல் 'ஆட்டிஸம் மற்றும் குழந்தைப்பருவ மனச்சிதைவு' என்ற பெயரோடு தொடங்கிய ஆய்விதழ், 1979இல் பெயரின் பிற்பகுதியைக் கைவிட்டு வளர்ச்சிக் குறைபாடுகளின் இதழாயிற்று. ஓர் இதழின் அட்டையிலேயே ஒரு வரலாறு நடந்து முடிந்தது எனலாம்.

*

ஆனால் வயது வேறு என்பது நோய்களை வேறுபடுத்தியதே தவிர, உள்ளே நிகழ்வதை விளக்கவில்லை. அதற்கு மூளை மின்னலைப் பதிவு வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1929இல் மனித மூளையின் மின்னலைகளை அறிவித்திருந்தார். 1978இல் ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாடனென் குழுவினர் நம் பிரஸ் ஷாப் அனுபவத்தையே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தனர். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, நடுவே சற்று மாறுபட்ட ஒலியொன்றைச் செருகினார்கள். கேட்பவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும், கால் விநாடிக்குள் மூளையில் ஒரு தனியலை எழுந்தது. எதிர்பார்ப்பு பொய்த்ததை மூளை தானாகவே குறித்துக்கொள்கிறது என்பதற்கு அதுவே சான்று.

மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்த அலை குன்றியிருப்பதை 1991 முதல் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதிசெய்தன. அதற்கு முன்பே, 1982இல், அமெரிக்காவின் கொலராடோவில் ராபர்ட் ஃப்ரீட்மனும் லாரன்ஸ் ஆட்லரும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அரை விநாடி இடைவெளியில் இரண்டு 'டக்' ஓசைகளைக் கேட்கச் செய்தனர். பொதுவாக இரண்டாவதற்கு மூளை குறைவாகவே எதிர்வினையாற்றும். மனச்சிதைவில் அந்தக் குறைப்பு போதவில்லை. வாசற்கதவு பாதி திறந்தே கிடப்பது போன்ற நிலை அது.

ஆட்டிஸத்தில் இதே சோதனைகள் இவ்வளவு தெளிவான விடை தரவில்லை. எதிர்பார்ப்பு பொய்க்கும்போது எழும் அலை சிலரிடம் பெரிதாகவும் சிலரிடம் சிறிதாகவும் இருந்தது. ஒலிக்கான முதல் எதிர்வினை சில மில்லி விநாடிகள் தாமதமாவதைச் சில ஆய்வுகள் கண்டன. திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு மூளை பழகிப்போவது மெதுவாக நிகழ்வதை வேறு சில கண்டன. பெற்றோர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்ததை, அதாவது குக்கர் விசிலும் சட்டையின் உட்புறத் தையலும் ஒரு குழந்தைக்குத் தாங்கொணா வேதனையாகலாம் என்பதை, நோய்ப் பட்டியல் 2013இல்தான் ஆட்டிஸத்தின் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது.

2012இல் லிஸ் பெல்லிகானோவும் டேவிட் பர்ரும் முன்வைத்த விளக்கம் இங்குப் பயன்படும். நாம் உலகை அப்படியே காண்பதில்லை. முன்னனுபவத்தால் பாதியை ஊகித்துக்கொள்கிறோம். ஆட்டிஸத்தில் இந்த முன்ஊகத்தின் பிடி தளர்ந்திருப்பதால் உலகம் அளவுக்கு மீறி மெய்யாகிவிடுகிறது. ஒவ்வோர் அடியும் முதல் அடியாகவே விழுகிறது. மனச்சிதைவின் மாயக்குரல்களில் நிலைமை ஏறக்குறைய எதிர்மாறு. ஊகம் புலனை வென்றுவிடுகிறது. 2000இல் லண்டனில் சாரா-ஜெய்ன் ப்ளேக்மோர், க்றிஸ் ஃப்ரித் ஆகியோர் செய்த ஆய்வை நினைவுகூரலாம். நம்மை நாமே கூசச்செய்ய முடியாது என்பது எல்லோரும் அறிந்ததே. நம் கையின் அசைவை மூளை முன்பே அறிந்து அவ்வுணர்வை மட்டுப்படுத்துகிறது. மாயக்குரல் கேட்பவர்களுக்கோ தம் கையின் தீண்டலும் பிறர் தீண்டலும் ஒரே அளவில் உறைத்தன. தன்னுடைய செயலைத் தன்னுடையதென்று குறிக்கும் முத்திரை அங்கே அழிந்திருந்தது. தன் உள்மனப் பேச்சு அயலார் குரலாகக் கேட்பதும் இதனால்தான் என்பது பலர் ஏற்கும் கருத்து.

கான்னரின் குழந்தைக்குத் தான் எழுப்பும் ஓசை அடைக்கலம். மாயக்குரல் கேட்பவருக்குத் தன் எண்ணமே அயலானின் ஓசை. இந்த எதிர்மறை அழகானது, ஆனால் முழுமையானதன்று. 2008இல் பெர்னார்ட் க்ரெஸ்பியும் க்றிஸ்டஃபர் பேட்காக்கும் இரண்டையும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் என்றே வாதிட்டனர். ஆயினும் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருவதுண்டு, சில மரபணு மாற்றங்கள் இரண்டுக்கும் பொதுவானவை. எதிர் முனைகளில் இருப்பவை ஒரே உடலில் குடியிருக்குமா என்ற கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது.

*

இக்கதையில் சென்னைக்கும் ஓரிடம் உண்டு. 1794இல் மதராஸில் மனநோயாளர்களுக்கான இல்லம் தொடங்கப்பட்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய காப்பகம் எழுந்தது. அதன் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், 1984இல் 'ஸ்கார்ஃப்' எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை நிறுவினார், 2021இல் மறைந்தார். மானிடவியலாளர் டான்யா லூர்மன், அந்நிறுவனத்து மருத்துவர்களோடும் கானா நாட்டு மருத்துவர் ஒருவரோடும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று, சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய ஊர்களில் தலா இருபது பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தது. கலிஃபோர்னியர்களுக்கு அவை பெரும்பாலும் முகமற்ற, வன்முறை நிறைந்த ஊடுருவல்கள். சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டோர் உறவினர் குரல்களைக் கேட்டனர். அவை குளிக்கச் சொல்லின, வீட்டு வேலைகளை நினைவூட்டின, கண்டிக்கவும் செய்தன. மூளையின் முத்திரை எங்கும் ஒரே விதமாக அழியலாம். அழிந்த இடத்தில் மாமியாரும் அக்காவும் வந்து அமர்வது நம் வீடுகள் செய்யும் வேலை.

தொல்காப்பியர் மரபியலில் ஐம்புலன்களுக்கு அப்பால் மனத்தை ஆறாவது அறிவாக வைத்தார். இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது, ஆறாவது மற்ற ஐந்தின்மேல் தனியே அமர்ந்திருக்கவில்லை, ஒவ்வொரு புலனின் வாசலிலும் அதுவே காவல் நிற்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

*

இவ்வளவும் ஆய்வாளர்களின் விவாதம்தானே என்று கேட்கலாம். ஆனால் பெயர் மாறினால் வாழ்க்கையும் மாறுகிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. மனநோய் அதில் இருந்தது, ஆட்டிஸம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிஸத்தைச் சேர்த்துக்கொண்டது, மனநோயைச் சேர்க்கவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம்தான் 21 குறைபாடுகளின் பட்டியலில் இரண்டுக்கும் இடமளித்தது. இன்றும் சட்டப்படியான பாதுகாவலர், மருத்துவக் காப்பீடு போன்றவற்றில் இரு பெயர்களுக்கும் இரு வெவ்வேறு வழிகள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. சரியான பெயரும் சரியான சிகிச்சையும் கிடைக்காதவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே கண்ட மின்னலை வேறுபாடுகள் கூட்டத்தின் சராசரிகள். ஒரு தனிமனிதரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, இவருக்கு இன்னது என்று சொல்லும் சோதனை இன்றளவும் கிடையாது. நோயறிதல் இன்றும் பேச்சையும் பொறுமையையும் நம்பியே நடக்கிறது. அங்குதான் பிழையும் நேர்கிறது. 'அறையில் யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?' என்று கேட்டால், சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஆட்டிஸக்காரர் 'ஆம்' என்பார். பக்கத்து அறையில் பேசுவது அவருக்குக் கேட்கத்தான் செய்கிறது. அந்த ஒரு 'ஆம்', அவருக்குத் தேவையற்ற மாத்திரைகளின் நீண்ட பாதையைத் திறந்துவிடக்கூடும்.

ஆகவே கோல்வின் காலத்துக் கேள்வியே இன்றும் நம் கையிலுள்ள சிறந்த கருவி. எந்த வயதில் தொடங்கியது, எந்த ஓசை துன்புறுத்துகிறது, அது யாருடைய ஓசை என்று அவர் எண்ணுகிறார்? ஒரகடத்துத் தொழிலாளி தாளம் தவறிய அடிக்குத் தலை நிமிர்வதுபோல, எதிரில் இருப்பவரின் விடையில் தாளம் தவறும் இடத்தில் கேட்பவர் தலை நிமிர வேண்டும். அதற்கு இருபது நிமிடங்கள் கூடுதலாகத் தேவைப்படலாம். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் அந்த இருபது நிமிடங்கள்தாம் இன்று அரிதாக இருக்கின்றன.