பாத்திரம் கழுவ போரடிக்குதா? வேலையோடு கொஞ்சம் ஜாலியைக் கலந்தால் என்ன நடக்கும்?

சிங்க்கில் குவிந்து கிடக்கும் பாத்திரம். பாதியில் நிற்கும் எக்செல் ஷீட். 'ஹோம்வொர்க் எழுது' என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் வேலைகளில் பல, உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் உட்காரத்தான் மனசு வராது. இதற்கு விளையாட்டுத்தனம் கைகொடுக்குமா? பார்க்கலாம்.

பியானோவாக மாறிய படிக்கட்டு

2009-ல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், ஓடன்பிளான் மெட்ரோ ரயில் நிலையப் படிக்கட்டை ராட்சத பியானோ போல மாற்றினார்கள். ஒவ்வொரு படியில் கால் வைத்தாலும் ஒரு ஸ்வரம் ஒலிக்கும். பக்கத்திலேயே எஸ்கலேட்டர் இருந்தும், வழக்கத்தைவிட 66 சதவீதம் கூடுதலான பேர் படியில் ஏறியதாக இதைச் செய்த ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தெரிவித்தது. இது ஒரு விளம்பர முயற்சிதான். ஆனாலும், 'படி ஏறுங்க, உடம்புக்கு நல்லது' என்று யாரும் அங்கே அட்வைஸ் செய்யவில்லை என்பதைக் கவனிக்கணும்.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. வயலில் நாற்று நடும்போது நடவுப் பாட்டு, கிணற்றில் நீர் இறைக்கும்போது ஏற்றப்பாட்டு என வேலையோடு பாட்டைச் சேர்த்தவர்கள் நம் ஊர் உழைப்பாளிகள். ஏற்றப்பாட்டில் எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். அலுப்பும் குறையும், கணக்கும் தப்பாது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கேட்டி மில்க்மேன் குழுவினரின் ஆய்வு 2014-ல் வெளியானது. விறுவிறுப்பான ஆடியோ நாவல்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று ஒரு குழுவுக்கு நிபந்தனை வைத்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியணுமா? ஜிம்முக்கு வந்தாகணும். தொடக்கத்தில் இந்தக் குழுவினர் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தனர். ஆனால் நாளாக ஆக வேகம் குறைந்தது. விடுமுறைக்குப் பிறகு பலன் மறைந்தே போனது. அதனால் விளையாட்டை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கணும்.

வீட்டிலும் ஆபீஸிலும் எப்படி?

* ஜோடி சேருங்கள்: பிடித்த பாட்காஸ்ட்டை துணி மடிக்கும்போது மட்டும் கேளுங்கள்.

* பாட்டுக் கணக்கு: 'மூணு பாட்டு முடியறதுக்குள்ள ரூமை ஒதுக்கணும்' என்று பிள்ளைகளோடு போட்டி வையுங்கள். நீங்களும் சேர்ந்து ஓடினால்தான் அது விளையாட்டு.

* சீட்டுக் குலுக்கல்: வீட்டு வேலைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். அப்பா, அண்ணன் உட்பட எல்லோரும் எடுக்கணும்.

* சின்னச் சின்ன இலக்கு: 200 பில் பதிவு செய்யணுமா? இருபது இருபதாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் பழைய நேரத்தை நீங்களே முறியடிக்கப் பாருங்கள். அவசரத்தில் தப்பு வராமல் இருந்தால்தான் அந்தச் சுற்று கணக்கில் சேரும்.

எங்கே எல்லை?

ஜாலியைக் கட்டாயமாக்கினால் அதுவும் ஒரு சுமைதான். ஃபிரான்ஸில் ஓர் ஆலோசனை நிறுவனம், தன் 'ஜாலி' கலாசாரத்தில் கலந்துகொள்ளாத ஊழியரை வேலையை விட்டு நீக்கியது. அது தவறு என்று 2022-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆள் பற்றாக்குறை, ஓயாத ஓவர்டைம் போன்ற பிரச்னைகளை வெள்ளிக்கிழமை கேம்ஸ் தீர்க்காது.

வீட்டுக்கும் இதே கதைதான். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஒருத்தர் மட்டும் ஐந்து மணி நேரம் நிற்கும் சமையலறையில் பாட்டு போட்டுவிட்டால் போதுமா? முதலில் வேலையைப் பங்கு போடுங்கள். பாட்டை அப்புறம் சேர்ந்தே கேட்கலாம்.