லா பிரென்சா

மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா தேசத்தின் தலைநகரான மனாகுவாவில் 1926-ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் சமோரோ குடும்பத்தார் வசமான ஸ்பானிய மொழித் தினசரி. 1952-இல் ஆசிரியப் பொறுப்பேற்ற பெத்ரோ ஹோவாகின் சமோரோ, சொமோசா வம்சத்தாரின் சர்வாதிகாரத்தை ஓயாது கண்டித்தெழுதி, சிறைவாசமும் தேசாந்தர வாசமும் அனுபவித்து, 1978 ஜனவரி 10-ஆம் தேதி காலையில் காரில் காரியாலயம் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்படவே, நாடெங்கும் மூண்ட கிளர்ச்சி ஆட்சியின் அஸ்திவாரத்தையே அசைத்துவிட்டது. மறு ஆண்டு சொமோசாவின் படையினர் பத்திரிகைக் கட்டிடத்தைத் தகர்த்தனர்; சில வாரங்களில் சொமோசாவே நாட்டைவிட்டு ஓடினார். விந்தை யாதெனில், அவரை வீழ்த்திய சாண்டினிஸ்டா அரசாங்கமும் தணிக்கை விதித்து, 1986-இல் இப்பத்திரிகையை ஓராண்டுக்கு மேல் நிறுத்தியே வைத்தது. பெத்ரோவின் மனைவி வியோலெத்தா 1990-இல் ஜனாதிபதியானார். பிற்காலத்தில், சுங்க இலாகா காகிதத்தைத் தடுத்து வைத்தமையால் 2021 ஆகஸ்டில் அச்சுப் பதிப்பு நின்றது. மறுநாளே போலீசார் காரியாலயத்துள் புகுந்தனர்.