நிலவின் இரவும் சித்தப்பாவின் கேள்வியும்

மலர்க் குழு நண்பர் கட்டுரை கேட்டபோது பழைய ஹாஸ்டல் கதை ஏதாவது எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குத்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே! நம் கல்லூரியில் பௌதிகம் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கடன் பாக்கி உண்டு. அதை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

2023 ஆகஸ்ட் 23. வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மாலை 6.04-க்கு விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியதை எங்கள் வீட்டு டி.வி.யில் தெருவே பார்த்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்று சொன்னதும் கைதட்டல் இரட்டிப்பானது. அந்த உற்சாகத்தில், "ராத்திரி தூங்கும், விடிஞ்சா எழுந்திரிக்கும், பாருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வந்தது வினை!

நிலவில் ஒரு பகல் நமக்குப் 14 நாள், இரவும் அப்படியே. பகலில் சோலார் தகடுகள் விக்ரமுக்கு 738 வாட், பிரக்யான் ரோவருக்கு 50 வாட் வரை கொடுத்தன. ரோவர் செப்டம்பர் 2-ஆம் தேதியும் லேண்டர் 4-ஆம் தேதியும் தூங்க வைக்கப்பட்டன. பாட்டரியை நிரப்பி, ரிசீவரை மட்டும் விழிக்க வைத்து, அடுத்த சூரிய உதயத்தின் ஒளி தகட்டில் விழும்படி ரோவரை நிறுத்தினார்கள். 22-ஆம் தேதி கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

மறுநாள் சித்தப்பா கேட்டார். எண்பதை நெருங்கியவர், கட்டுமரம் ஏறியவர். "ஏம்பா, அந்தக் குளிருக்கு ஒரு தணல்கூட வெச்சு அனுப்பலியா? எங்கம்மா சாம்பல்ல மூடி வெச்ச தணல் விடியற வரைக்கும் கெடக்குமே!"

பட்டம் வாங்கிய நான் விழித்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன். சித்தப்பா சொன்ன தணலை ரஷ்யர்கள் 1970-லேயே அனுப்பியிருக்கிறார்கள். லூனோகோத்-1 என்ற வண்டிக்குப் பானை போல ஒரு மூடி. பகலில் திறந்தால் உள்பக்கச் சோலார் தகடு வெயில் காயும், இரவில் மூடிக்கொள்ளும். உள்ளே பொலோனியம்-210 தானாகச் சிதைந்து சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். பத்து மாதங்களுக்கு மேல் உழைத்தது அந்த வண்டி. 2013-இல் சீனாவின் சாங்-இ 3 புளூட்டோனியச் சூட்டோடு போனது.

பாட்டரியாலேயே சூடாக்கக் கூடாதா? நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெறும் 10 வாட் ஹீட்டர் என்றாலும் 14 நாளுக்கு, அதாவது 336 மணி நேரத்துக்கு, 3,360 வாட்-மணி வேண்டும். கிலோவுக்கு 150 என்று வைத்தால் பாட்டரியே 22 கிலோ! பிரக்யானின் மொத்த எடையே 26 கிலோதான். சூடு இல்லையென்றால், மைனஸ் 200 டிகிரி வரை இறங்கக்கூடிய குளிரில் பாட்டரியின் ரசாயனம் உறைந்துவிடும். சர்க்யூட்டின் ஈய ஒட்டுகள் சுருங்கி விரிசல் விடும். பொன்னிறப் போர்வை சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, சூட்டை உண்டாக்காது. சாம்பல் இருந்தது, தணல் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆளுக்கு ஒரு வாட் கொடுக்கும் இரண்டு அணு ஹீட்டர்கள் சந்திரயான்-3-இல் இருக்கத்தான் இருந்தன. ஆனால் தரை இறங்காமல் நிலவைச் சுற்றிய உந்துகலத்தில்! ஒரே ஒரு நிலவுப் பகலுக்கென்றே செய்த லேண்டருக்கும் ரோவருக்கும் அந்த எடையைக் கூட்டவில்லை. அந்த ஒரு பகலில் வேலை முழுக்க முடிந்தது. ஆகவே அதைத் தோல்வி என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாக்குக் கொடுத்தது என் தப்பு.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம், தலைகுப்புற இறங்கி, இரவு தாங்கும் ஏற்பாடு இல்லாமலே மூன்று இரவுகளைக் கடந்து கண் விழித்தது. நம்முடையதும் விழித்திருக்கலாமே என்று அன்று ஒரு நிமிஷம் பொறாமைப்பட்டேன்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கினேன். "சரி, அடுத்த தபாவாவது தணலோட அனுப்புவாங்களா?" என்றார். சந்திரயான்-5-க்கு 2025-இல் அரசு அனுமதி கொடுத்திருக்கிறது, ஜப்பானோடு சேர்ந்து, ரோவரே 250 கிலோ என்றேன். இந்த முறை வாக்கு மட்டும் கொடுக்கவில்லை.